இழுத்துச் சொன்னால் குடி, அழுத்திச் சொன்னால் குறை

என் அத்தை பெற்ற அருமைப் பாவாவுக்கு,

நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. சாவு விழுந்த வீட்டுக்காரர்கள் ஒரு வருஷம் கோயில் மலை ஏறக் கூடாது என்பதால், மளிகைக் கடை வாசலில் நின்று அண்ணாந்து கும்பிடுவதோடு சரி. மேலே மண்டபங்களுக்குப் போக வேண்டிய பருப்பு, வெல்லம், புளி எல்லாவற்றையும் ஆள் வைத்துத்தான் அனுப்பினேன். போன வாரம் உனக்கு வருஷத் திதி கொடுத்தோம். இனி ஏறலாம். ஏறத்தான் தெம்பு இல்லை.

கடிதம் எழுதுகிற ஆள் நான் இல்லை என்று உனக்குத் தெரியும். சரக்கு வந்ததா, வண்டி எப்போது வரும், இதற்கு மேல் எழுதிப் பழக்கம் கிடையாது. ஆனால் ஒரு விஷயத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். உன் பெண்டாட்டி, என் தங்கச்சி சுலோச்சனா, ஒன்று கேட்டாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். சொன்னதிலிருந்து சோறு இறங்கவில்லை.

உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? குடிக்கிற ஆள் இருக்கிற வீட்டுக்காரர்கள் நாலு பேர் காதிலும் விழட்டும் என்றுதான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். உனக்கு ஆட்சேபம் இருக்காது. நீ ஒரு நாளும் மறைத்துக் குடித்தவன் இல்லை.

திதிக்குச் சமைத்தது முனிரத்னம். நீ கல்யாணச் சமையல் மாஸ்டராகப் பேர் வாங்கின காலத்தில் இருந்து உன் இடது பக்கம் நின்று கரண்டி பிடித்தவன், இப்போது அவன்தான் மாஸ்டர். ஆட்களைக் கலையவிடாமல் சுலோச்சனாவே சமையல் கான்ட்ராக்டை எடுத்து நடத்துகிறாள். பழைய பார்ட்டிகள் கூப்பிடுவார்கள் என்று உன் செல் நம்பரையே வைத்திருக்கிறாள். நகரி, புத்தூர் பக்கத்து ஆட்கள் கூப்பிட்டால் தெலுங்கிலும், திருவள்ளூர் பக்கம் என்றால் தமிழிலும் நறுக்கென்று பேசுகிறாள். கேட்டால் நீ அசந்து போவாய். நம் சுலோச்சனாவா என்பாய்.

அன்றைக்கு வடைக்கு எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. முனிரத்னம் இலையில் தட்டிய வடையை எண்ணெயில் விடும்போது கை தடதடவென்று ஆடியது. வடை தொப்பென்று விழுந்து எண்ணெய் தெறித்து அவன் மணிக்கட்டில் பட்டது.

"ஒண்ணும் இல்லக்கா. இலை வழுக்கிடிச்சி," என்றான்.

சுலோச்சனா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அந்த நடுக்கம் இரண்டு பேருக்கும் தெரிந்த நடுக்கம். உன் கையில் பார்த்தது.

எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு அவள் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா, அவருக்கு தினம் செல்லுல சேதி போட்டுகினு இருந்தியே, அத மாதிரி ரத்னத்துக்கும் போடேன்."

"என்னால முடியாதும்மா."

"ஏன், செல்லுல காசு இல்லியா?"

"காசு இருக்குது. எனக்குள்ளதான் ஒண்ணும் இல்ல."

"அவன் கை போச்சினா பத்து வீட்டு அடுப்பு அணைஞ்சிடும். உனக்கின்னா, மூட்டைய எடை போட்டுகினு குந்திகினு இருப்ப."

கோபத்தில் சொன்னாள். ஆனால் தப்பாகச் சொல்லவில்லை. ஏன் முடியாது என்று அவளிடம் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முதலிலிருந்து உன்னிடம் சொன்னால் எனக்கே புரியுமோ என்னவோ.

நான் கூடையில் கற்பூரமும் தேங்காயும் விற்றுக்கொண்டிருந்தபோது நீ மண்டபத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாய். எனக்குக் கடை வந்தது, உனக்குக் கரண்டி வந்தது. கரண்டியோடு குடியும் வந்தது. சமையல்காரன் குடிப்பதை நம் ஊரில் யாரும் ஒரு தப்பாகவே எடுத்துக்கொள்வதில்லை. ராத்திரி முழுக்க அடுப்பு முன்னால் வெந்துகொண்டு நிற்கிறவன் என்று பார்ட்டிக்காரர்களே வெற்றிலைபாக்கோடு சேர்த்து ஒரு பாட்டிலையும் கொடுத்துவிடுவார்கள். தொண்ணூறுகளில் அது கல்யாணத்துக்குக் கல்யாணம் இருந்தது. பிறகு கல்யாணம் இல்லாத நாளிலும் இருந்தது.

நகரிக்காரர் வீட்டுக் கல்யாணம் ஞாபகம் இருக்கிறதா? அடுப்போரம் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாய். மொத்தச் சாம்பாரும் அடிப்பிடித்துவிட்டது. பெண்ணின் தாய்மாமன் உள்ளே வந்து குதிகுதியென்று குதித்தார். நீ கண்ணைக்கூடச் சரியாகத் திறக்காமல், "அந்த வாசனைக்கு ஓட்டல்ல தனியா காசு வாங்குவாங்க, தெரியுமா?" என்றாய். அத்தனை கோபத்திலும் அந்த மனுஷன் சிரித்துவிட்டார். உனக்கு எப்போதும் அப்படித்தான், வாய் உன்னைக் காப்பாற்றிவிடும்.

ஆனால் மறுநாள் காலையில் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் வாயருகே கொண்டுபோனாய். அப்படியும் பாதி வேட்டியில். நான் தராசுக்காரன், கை ஆடுவது என் கண்ணுக்குத் தப்பாது. அன்றைக்கே உன்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே டாக்டர் பார்த்த பிறகு, குடிக்கிறவர்களிடம் பேசுவதற்கென்று இருந்த ஓர் அம்மாவிடம் அனுப்பினார்கள். உன்னை வெளியே உட்காரவைத்துவிட்டு அவர்கள் என்னிடம் பேசியது உனக்குத் தெரியாது.

"நிறுத்து நிறுத்துனு அவர உலுக்காதீங்க சார். இவ்ளோ குடிக்கிறவரு தானா ஒரே நாள்ல நிறுத்தினா ஃபிட்ஸ் வரும், உயிருக்கே ஆபத்தாயிடும். டாக்டர் மாத்திர குடுப்பாரு, அவரு சொல்றபடி கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். மாசத்துக்கு ஒரு வாட்டி நான் பேசறது பத்தாது. அவருகிட்ட செல் இருக்குதில்ல? நீங்க தினம் ஒரு மெசேஜ் போடுங்க."

"என்னானு போடறது மேடம்?"

"திட்டாதீங்க. புத்தி சொல்லாதீங்க. கேளுங்க. இன்னிக்கு எப்படினு கேளுங்க. கம்மியாச்சினா நல்லதுனு சொல்லுங்க. ஜாஸ்தியாச்சினா நாளைக்குப் பாத்துக்கலாம்னு சொல்லுங்க. அவ்ளோதான்."

எனக்கு அது பிடித்தது. நான் வியாபாரம் பண்ணுவதும் அப்படித்தான். எதிர்க்கடைக்குப் போன வாடிக்கைக்காரனைத் திட்டினால் அவன் இந்தத் தெருவுக்கே வரமாட்டான். 'வீட்ல எல்லாரும் சௌக்கியமா?' என்றால் ஒரு நாள் திரும்பி வருவான். எந்த நேரத்தில் கேட்பது என்பதை மட்டும் நானே முடிவு செய்தேன். கடைசிப் பந்தி எழுந்து, பாத்திரமெல்லாம் கழுவப் போய், உன் கை சும்மா இருக்கிற நேரம். கால் தானாக ஒயின்ஷாப் பக்கம் திரும்புகிற நேரம் அதுதான். நீ பாட்டிலை வாங்கிவிட்ட பிறகு நான் பேசி என்ன பிரயோஜனம்?

பிறகு அந்த முதல் சேதி. இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நாம் வீட்டில் பேசுவது தெலுங்கு, கடையில் பேசுவது தமிழ், பள்ளிக்கூடத்தில் படித்தது தமிழ். செல்லில் இருந்ததோ இங்கிலீஷ் எழுத்து மட்டும். தமிழில் 'குறை' என்று போட்டால் உன்னிடம் குறை கண்டுபிடித்தது மாதிரி ஆகிவிடும் என்று தெலுங்கிலேயே போட்டேன். 'கொஞ்செம் தக்கு பாவா.' கொஞ்சம் குறைத்துக்கொள் பாவா. சுத்தத் தெலுங்கு பேசுகிறவன் 'தக்கிஞ்சு' என்று நீட்டியிருப்பான். நம்முடையது பார்டர் தெலுங்கு. போதாததற்கு, ஒவ்வொரு எழுத்துக்கும் பொத்தானை மாற்றி மாற்றி அமுக்க வேண்டுமே என்று எழுத்திலும் சிக்கனம் பிடித்தேன். 'தக்கு'வுக்கு டி, ஏ, ஜி, யூ. நாலே எழுத்து.

அந்த நாலு எழுத்தை அழுத்திச் சொன்னால் 'குறை'. இழுத்துச் சொன்னால் 'தாகு', அதாவது 'குடி'.

சாயங்காலம் கடை நிறைய ஆட்கள். நீ வாயெல்லாம் பல்லாக உள்ளே நுழைந்தாய். உனக்கு முன்னாலேயே வாசனை நுழைந்துவிட்டது. மச்சானை நீ பாம்மர்தி என்று தெலுங்கில்தான் கூப்பிடுவாய்.

"எங்க என் பாம்மர்தி? ஊர்ல இருக்கிற பாம்மர்தி எல்லாம் குடிக்காத குடிக்காதனு அழுவறானுங்க. என் பாம்மர்தி ஒருத்தன்தான்யா, கொஞ்சம் குடி பாவானு செல்லுல சேதி போட்டுகிறான்! தங்கம்யா அவன், தங்கம்!"

"பாவா, அது தாகு இல்ல. தக்கு!"

"தக்குனா இன்னொரு ஜி எங்க? ஒரு ஜிதான கீது? எடைலதான் கொறைப்பேனு பாத்தா எழுத்துலயும் கொறைச்சிட்டியா?"

மிளகாய் வாங்க வந்த பள்ளிப்பட்டுக்காரர் சிரித்துச் சிரித்துப் புரையேறி, அவருக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. எனக்கு உன் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் ஒன்று. மறுநாள் சேதி போகக் கொஞ்சம் தாமதமானபோது, நீயே மிஸ்டு கால் கொடுத்தாய். 'என்ன, இன்றைக்குக் குடிக்கச் சொல்லவில்லையா?' என்று கேட்பதற்காக. அப்போதுதான் புரிந்தது, நீ சேதிக்குக் காத்திருக்கிறாய் என்று. இன்னொரு ஜி-யை நான் சேர்க்கவே இல்லை. வேண்டுமென்றேதான்.

தினமும் நான் 'டி, ஏ, ஜி, யூ' என்று போடுவேன், கூடவே ஒரு கேள்வி. சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, நேற்றைவிட இன்று எப்படி. நீ பதில் போடுவாய், அதே எழுத்தில், 'தகுதுன்னா' என்று. குறைத்துக்கொண்டிருக்கிறேன் என்றும் படிக்கலாம். குடித்துக்கொண்டிருக்கிறேன் என்றும் படிக்கலாம். எதுவென்று நான் கேட்டதில்லை. கேட்டால் விளையாட்டு முடிந்துவிடும் என்று பயம். விளையாட்டு முடிந்தால் பதிலும் நின்றுவிடும்.

கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், நீ குறைத்தாய். டம்ளரை ஒரு கையில் பிடித்தாய். உப்பு சரியாக விழுந்தது. கடைசிப் பந்தியில் நீயும் இலை போட்டு உட்காருவதாக சுலோச்சனா சொன்னாள். மாத்திரைக்கும் அந்த அம்மாவின் பேச்சுக்கும் அதில் பெரிய பங்கு உண்டு, நான் மட்டும் என்று மார்தட்டிக்கொள்ள மாட்டேன்.

நடுவில் ஆடிக் கிருத்திகை வந்தது. காவடி எடுத்து வந்த கூட்டத்தில் ஆளுக்கு ஒரு செல், ஊரில் ஒருத்தருக்கும் லைன் கிடைக்கவில்லை. நான் அனுப்பிய எதுவும் போகவில்லை. கூட்டம் கலைந்த பிறகு அத்தனையும் ஒன்றாக உன் செல்லில் வந்து கொட்டியிருக்கிறது. கண்ணெல்லாம் சிவந்து, தாடியோடு கடைக்கு வந்தாய்.

"இன்னா பாம்மர்தி, இதுலயும் மொத்த வியாபாரம் ஆரம்பிச்சிட்டியா? சில்லறையா குடு நைனா. சில்லறையா குடுத்தாதான் எனக்கு நிக்குது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது சின்ன வேலை. நாலு எழுத்து, ஒரு பொத்தான். ஆனால் அனுப்பிய பிறகு பதில் வரும்வரை இருக்கிற நேரம் இருக்கிறதே, அது சின்னது இல்லை பாவா. புளி எடை போடுகிற கண் தராசு முள்ளை விட்டுவிட்டுச் செல்லைப் பார்க்கும். பதில் வராவிட்டால் பொதட்டூர்பேட்டை மண்டபமா, கே.ஜி.கண்டிகையா, அங்கிருந்து ஒயின்ஷாப் எவ்வளவு தூரம் என்று மனசு பஸ் ஏறிப் போய்விடும். ஒரு ஆளின் தாகத்தை இன்னொருவன் தன் பையில் போட்டுக்கொண்டு திரிவது மாதிரி. யாரிடம் சொல்ல முடியும் இதை?

அதற்குள் உன் வயிற்றில் தண்ணீர் கோத்துவிட்டது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாய். எவ்வளவு குடிப்பார் என்று டாக்டர் கேட்டார். 'இப்ப ரொம்ப கொறைச்சிட்டாருங்க' என்றேன், பெருமையாக. அவர் நல்ல மனுஷன். என் தோளைத் தொட்டு, 'கொறைச்சதனாலதான் இவ்ளோ நாளு இருந்தாரு. ஈரல் அதுக்கு முன்னாடியே கெட்டுப்போச்சிங்க' என்றார். உனக்கு வந்த சாப்பாட்டை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, 'உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல, இதுக்கு நான் கெடுத்த சாம்பாரே தேவல' என்றாய். பக்கத்துப் படுக்கைக்காரர்கூடச் சிரித்தார். நீ என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

டாக்டர் சொன்னது எனக்குப் போதவில்லை. நீ அனுப்பிய 'தகுதுன்னா' எல்லாம் எந்தத் தகுதுன்னா? நான் குறைக்கச் சொல்லி அனுப்பினதை நீ குடித்துக்கொண்டே படித்தாயா? செல்லை வைத்துக்கொண்டு நான் ஆடியது வெறும் பொம்மை விளையாட்டா? ஒரு வருஷமாகக் கடைசிப் பந்தி நேரம் வந்தால் என் கை தானாகச் செல்லுக்குப் போகிறது. அனுப்ப ஆள் இல்லை. அந்த நம்பரில் இப்போது சுலோச்சனா 'ஹலோ, சமையல் கான்ட்ராக்டுங்க' என்கிறாள்.

இப்போது புரிகிறது. அனுப்புவதற்கு எனக்குச் சோம்பல் இல்லை. காத்திருப்பதற்குத்தான் தெம்பில்லை. கெட்டுப்போன சரக்கை வியாபாரி ஒரு நாள் அழுதுவிட்டுக் கொட்டிவிடுவான். மனுஷனை அப்படிக் கொட்டிவிட முடியவில்லை. ஒரு தடவை பட்டது போதும் என்றுதான் சுலோச்சனாவிடம் முடியாது என்றேன்.

நேற்று முனிரத்னமே கடைக்கு வந்தான். நாற்பது தாண்டிய ஆள், கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணுக்குத் தகப்பன், மூட்டைகளுக்கு நடுவில் திருடன் மாதிரி நின்றான்.

"இன்னா ரத்னம், சீரகமா?"

"சீரகம் இல்லண்ணா. அக்கா உங்கள ஒண்ணு கேட்டுச்சாம். நீங்க மாட்டேன்னுட்டீங்களாம்."

"ஆங்."

"அக்கா கேட்டா மாட்டேன்னு சொல்லலாம். நானே வந்து கேட்டா?"

எனக்கு எரிச்சலாக வந்தது. "உனக்கு எதுக்கு என் மெசேஜி? மாஸ்டருக்குப் போட்டு இன்னா ஆச்சினு பாத்த இல்ல?"

"பாக்கறது இன்னாண்ணா, நான்தான படிச்சேன்."

"நீயா?"

"மாஸ்டருக்கு ஏதுண்ணா இங்கிலீஷ் எழுத்து? பாட்டிலயே கலரு பாத்துதான் வாங்குவாரு. செல்லு கத்தினா என் கைல குடுப்பாரு, நான் சத்தமா படிப்பேன். வெங்காயம் உரிக்கிற பொம்பளைங்க, பாத்திரம் கழுவறவங்க அல்லாரும் கேப்பாங்க. நேரம் ஆச்சினா அவங்களே, 'இன்னும் பாம்மர்தி வரலியா'னு ஆரம்பிச்சிடுவாங்க."

நான் என்னவோ உன் காதில் ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன் பாவா. நீ என்னை மைக் வைத்துப் பேசவிட்டிருக்கிறாய்.

"அப்ப அந்த மொத சேதிய தாகுனு படிச்சது?"

"நான்தாண்ணா." தலையைச் சொறிந்தான். "எனக்கு அன்னிக்கி தாகணும்போல இருந்திச்சி. அப்டியே படிச்சிட்டேன். ஒரு ஜிதான் கீதுனு மாஸ்டருக்கு சொல்லிக் குடுத்ததும் நான்தான்."

சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. ஒரு வருஷமாகக் கேட்க ஆள் இல்லாமல் வைத்திருந்ததைக் கேட்டேன். "பதில் போடறதும் நீதானா? தகுதுன்னானு போடுவியே, அவரு அத அழுத்தி சொல்வாரா, இழுத்து சொல்வாரா?"

"ரெண்டும்தாண்ணா. குடிச்ச நாள்ல இழுத்து சொல்வாரு, குடிக்காத நாள்ல அழுத்தி சொல்வாரு. எங்ககிட்ட பொய் சொல்ல மாட்டாரு. நான் ரெண்டயும் ஒரே மாதிரிதான் அடிப்பேன். இன்னொரு ஜி போட்டுடட்டா மாஸ்டர்னு கேட்டா, 'உடுடா, பாம்மர்தி அவனுக்குப் புடிச்சபடி படிச்சிகினு நிம்மதியா கடைய சாத்தட்டும்'னுவாரு."

"எது ஜாஸ்தி ரத்னம்?"

"எண்ணலண்ணா. ஆனா அழுத்தி சொல்ற நாள்ல எங்ககூட ஒக்காந்து சாப்புடுவாரு. கத சொல்வாரு. எனக்கு அந்த நாளுங்கதான் ஞாபகம் இருக்குது."

பிறகு அவனே சொன்னான், மிளகாய் மூட்டையைப் பார்த்துக்கொண்டு. "வர்ற சேதில பாதி எனக்குத்தான்னு வச்சிகினேன். மாஸ்டரோட சேந்து நானும் கொறைச்சேண்ணா, யாருக்கும் தெரியாது. அவரு போனாரு, செல்லும் கத்தல. இப்ப காலைல ஊத்தினாதான் கை நிக்குது. எண்ணெய் முன்னால நிக்கவே பயமா இருக்குது."

"ரத்னம், தைரியம் வந்துடிச்சினு நீயா ஒரேடியா நிறுத்திடாத. ஆபத்து. மொதல்ல டாக்டர பாக்கணும்."

"சரிண்ணா. மெசேஜி?"

"பாக்கலாம்."

அவன் சிரித்தான். வருத்தமான சிரிப்பு. "வியாபாரி பாக்கலாம்னு சொன்னா இல்லனுதானண்ணா அர்த்தம்?" என்று சொல்லிவிட்டு, வாங்காத சீரகத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

இவ்வளவையும் காலையிலேயே எழுதி வைத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன். எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. இன்றைக்குக் கீழ் மண்டபத்தில் கல்யாணம், முனிரத்னம்தான் சமையல். மத்தியானம் மூன்று மணிக்கு மேல் கடையில் ஈ ஓட்டுகிற நேரத்தில், கடைசிப் பந்தி எழுந்திருக்கும் என்று மனசு கணக்குப் போட்டது. போடாதே என்றாலும் போடுகிறது. அவன் இப்போது கை கழுவிக்கொண்டு நிற்பான். யாரும் அவனை ஒன்றும் கேட்கப் போவதில்லை.

செல்லை எடுத்தேன். 'ரத்னம், பந்தி முடிஞ்சிதா? சாப்ட்டியா?' என்று மட்டும் போட்டேன்.

ஒருத்தர் பெருங்காயம் கேட்டு வந்தார். மடித்துக் கொடுத்தேன். இன்னொரு அம்மா உளுந்து புதுசா பழசா என்று நாலு தடவை கேட்டுவிட்டு வாங்காமல் போனார்கள். பழைய காத்திருப்பு அப்படியே வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. வயசு மட்டும்தான் எனக்குக் கூடியிருக்கிறது, அதற்கு இல்லை.

பதில் வந்தது. 'இன்னும் இல்லண்ணா. கை நடுங்குது. கடைப்பக்கம் வரட்டா?'

வா என்று போட்டேன்.

சுலோச்சனாவுக்குப் போன் போட்டு, கடைக்கு ஒரு ஆள் சாப்பாடு வேண்டும் என்றேன். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. ரசம் கொஞ்சம் கூடவே வைக்கிறேன் என்றாள்.

பாவா, உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். திங்கட்கிழமை கடையைச் சாத்திவிட்டு அவனை ஆஸ்பத்திரிக்கு நானே அழைத்துப் போவேன். அதுவரை டாக்டரைக் கேட்காமல் அவன் எதையும் செய்யாமல் பார்த்துக்கொள்வேன். பிறகு தினமும், அந்த நேரத்துக்கு, அவனுக்குச் சேதி போகும். பதில் வராத நாளுக்கு மறுநாளும் போகும். அவன் நன்றாகிவிடுவான் என்று மட்டும் சொல்லமாட்டேன். என் கையில் இல்லாத சரக்குக்கு நான் ஒரு நாளும் வாக்கு கொடுத்ததில்லை. சேதி போகும். அதற்கு நான் பொறுப்பு.

தெருமுனையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறான். ஏறி மிதிக்கப் பயமாக இருக்கிறது போல. நான் எழுந்து போய்ப் பிடித்துக்கொள்கிறேன்.

உன் தாய்மாமன் பெற்ற பிள்ளை,
உனக்கு என்றைக்கும் பாம்மர்தி,
நாகேந்திரன்